நம் விவரம், நம் உரிமை

ஜெராக்ஸ் கடையில் மறந்து வைத்துவிட்டு வந்த ஆதார் நகலைப் பற்றி நம்மில் எத்தனை பேர் கவலைப்படுகிறோம்? வாடகைக்கு வீடு பார்க்க ஒரு நகல், விடுதியில் தங்க ஒரு நகல் என்று கேட்டவருக்கெல்லாம் கொடுத்துக்கொண்டே போகிறோம். "மறைப்பதற்கு நம்மிடம் என்ன இருக்கிறது?" என்று நமக்கு நாமே சமாதானமும் சொல்லிக்கொள்கிறோம்.

இந்தச் சமாதானம் எவ்வளவு ஆபத்தானது என்பதை நெதர்லாந்து நாட்டின் வரலாறு சொல்லும். இரண்டாம் உலகப் போருக்கு முன்பே அந்நாட்டில் ஒவ்வொரு குடிமகனுக்கும் ஒரு பதிவட்டை இருந்தது. பெயர், முகவரியோடு மதமும் அதில் குறிக்கப்பட்டது. நல்ல நிர்வாகத்திற்காக, நல்லெண்ணத்தோடு தொகுக்கப்பட்ட விவரங்கள் அவை. ஆனால் 1940இல் நாத்சிப் படைகள் நாட்டைப் பிடித்தபோது, யூதர்கள் எந்தத் தெருவில், எந்த வீட்டில் இருக்கிறார்கள் என்பதை அந்தப் பதிவேடுகளே காட்டிக்கொடுத்தன. அங்கிருந்த சுமார் 1,40,000 யூதர்களுள் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். 1943 மார்ச் 27 அன்று, ஆம்ஸ்டர்டாம் பதிவு அலுவலகத்திற்குத் தீ வைக்க ஒரு சிறு குழுவினர் துணிந்தனர். பிடிபட்டவர்களில் பலர் சுட்டுக்கொல்லப்பட்டனர். மனித உயிர்களைக் காப்பாற்றக் காகிதங்களை எரிக்க வேண்டிய காலம் அது! விவரத்தைக் கொடுக்கும்போது அதைப் பெறுகிறவர் நல்லவராக இருக்கலாம். நாளை அது யார் கையில் இருக்கும் என்பதை யார் அறிவார்?

இந்தப் பாடத்தை ஜெர்மனி மறக்கவில்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பை எதிர்த்து மக்கள் தொடுத்த வழக்கில், 1983 டிசம்பர் 15 அன்று அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் ஒரு முக்கியத் தீர்ப்பை வழங்கியது. தன்னைப் பற்றிய விவரம் எதற்குப் பயன்பட வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது அந்த மனிதரின் உரிமை என்றது. தான் கண்காணிக்கப்படுகிறோமோ என்று அஞ்சுகிறவர் கூட்டத்திற்குப் போகவும் சங்கத்தில் சேரவும் தயங்குவார். அப்படித் தயங்கும் மக்களைக் கொண்டு மக்களாட்சி நடக்காது என்பதே அதன் வாதம்.

நம் நாட்டில் இந்தக் கேள்வியை எழுப்பியவர் எண்பது வயதைக் கடந்த ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி. ஆதார் திட்டத்தை எதிர்த்து 2012இல் அவர் தொடுத்த வழக்கில், 2017 ஆகஸ்ட் 24 அன்று, அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகக் கூறினர். 2018 செப்டம்பரில் ஆதார் சட்டத்தைப் பெரும்பான்மை நீதிபதிகள் ஏற்றுக்கொண்டாலும், தனியார் நிறுவனங்கள் அதைக் கட்டாயமாகக் கேட்பதற்கு வழிசெய்த பகுதியை நீக்கினர்.

அதன் தொடர்ச்சியாக வந்ததே 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். விவரம் யாருடைய சொத்து என்று இச்சட்டம் பேசவில்லை. விவரத்தைப் பெறுகிறவரை, பிறர் பொருளைக் காக்கும் பொறுப்பாளராகவே பார்க்கிறது. இது நன்மைக்கே. சொத்து என்றால் விற்கலாம். விற்கலாம் என்றால் முதலில் விற்கும் கட்டாயத்திற்கு ஆளாகிறவர் ஏழைதான். ஆனால் உரிமை விற்பனைக்கு உரியதன்று. தவறாக உள்ளதைத் திருத்தச் சொல்லவும், தேவை முடிந்தபின் அழிக்கச் சொல்லவும், கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறவும் இச்சட்டம் இடம் தருகிறது. இதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. பெரும்பாலான கடமைகள் 2027இல்தான் நடைமுறைக்கு வரும் என்பது அறிவிப்பு. இருப்பினும், தான் விரும்பும் அரசு அமைப்புகளுக்கு விலக்களிக்க மத்திய அரசுக்கு இச்சட்டம் அதிகாரம் தருவது கவலைக்குரியதே.

இன்னொரு பக்கத்தையும் நாம் பார்க்க வேண்டும். நம்மைப் பற்றி அரசு அறிவது இருக்கட்டும், அரசைப் பற்றி நாம் அறிய வேண்டாமா? 1990களில் இராஜஸ்தான் கிராமங்களில், அருணா ராய் போன்றோருடன் சேர்ந்து கூலித் தொழிலாளர்கள் வேலைப் பதிவேடுகளைப் பொதுக்கூட்டத்தில் உரக்க வாசிக்கச் செய்தனர். செய்யாத வேலைக்கு எழுதப்பட்ட கூலிகள் அம்பலமாயின. அந்தப் போராட்டத்தின் கனியே 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம். பொதுப் பணியோடு தொடர்பில்லாத தனிநபர் விவரத்தை மறுக்கலாம், அதையும் பொதுநலன் இருந்தால் தர வேண்டும் என்று அச்சட்டப் பிரிவு சொன்னது. 2023ஆம் ஆண்டுச் சட்டம் அந்த நிபந்தனைகளை எடுத்துவிட்டது. பொதுநலன் கருதித் தகவல் தரலாம் என்னும் வேறொரு பொதுவான பிரிவே எஞ்சியிருக்கிறது. எளியவரின் அந்தரங்கத்தைக் காக்க வந்த திரை, வலியவரின் கணக்கை மறைக்கும் திரையாகிவிடக் கூடாது.

நாம் செய்யக்கூடியது என்ன? கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் ஆதார் நகலைப் பதிவிறக்கிக் கொடுக்கலாம். நகல் தரும்போது எதற்காக, எந்தத் தேதியில் என்று அதன்மேல் எழுதலாம். "இது உங்களுக்கு எதற்கு?" என்று தயங்காமல் கேட்கலாம். நம் பங்குகளிலும் திருமுழுக்கு, திருமணப் பதிவேடுகளும் குடும்ப விவரங்களும் உள்ளன. உதவி பெற்ற ஏழைக் குடும்பங்களின் பெயரையும் படத்தையும் வாட்ஸ்அப் குழுவில் போடுமுன், அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டோமா? பிறரிடம் நாம் எதிர்பார்க்கும் மதிப்பை, நம்மை நம்பித் தங்கள் விவரத்தைத் தந்தவர்களுக்கு முதலில் நாம் தருவோம்.