இறாலுக்கு விருந்து... கூடவே வினை! சேற்றுப் புழுவின் கதை

இறால் குழம்பை ருசித்துச் சாப்பிடுகிறோம். முட்டை போடும் தாய் இறாலுக்கு ருசியான சாப்பாடு எது தெரியுமா? புழு!

கழிமுகச் சேற்றைக் கிளறினால் செக்கச்செவேல் என்று நெளிந்து வரும் கடற்புழு. பார்த்தவர்கள் பூரான் என்றே சத்தியம் செய்வார்கள். ஆனால் பூரானுக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. நம்ம மண்புழுதான் சொந்தக்காரன். பள்ளிப் பாடத்தில் 'பாலிகீட்டா' என்று வருமே, அதே ஆசாமி!

நாலு கண்... துத்தநாகத் தாடை!

உடம்பு வளையம் வளையமாக இருக்கும். வளையத்துக்கு ஒரு ஜோடி துடுப்புக் கால். காலில் கொத்துக் கொத்தாக முள்மயிர். அது கைட்டின் என்ற பொருளால் ஆனது. இறால் ஓட்டில் இருப்பதும் அதுவேதான்! ஊர்வது, நீந்துவது, வளைச் சுவரைப் பிடித்துக்கொள்வது எல்லாம் இந்தக் காலை வைத்துத்தான்.

'நீரிஸ்' வகைக்கு நாலு கண். சட்டைக் கையைப் புரட்டுகிற மாதிரி தொண்டையையே வெளியே தள்ளும். நுனியில் இரண்டு தாடை. அதைக் கெட்டியாக்குவது துத்தநாகம்! தொண்டையில் உள்ள குட்டிப் பற்கள் எந்த வரிசையில் எத்தனை என்று பார்த்துத்தான் இனத்தைப் பிரிக்கிறார்கள். சில இனங்கள் விரல் நீளம்கூட இருக்காது. அதற்கு மைக்ராஸ்கோப் வைத்துப் பல் டாக்டர் வேலை!

மொத்தம் பத்தாயிரம் இனங்களுக்கு மேல் உண்டு. 1865ல் பிரெஞ்சு நிபுணர் காத்ரஃபாஜ் 'அலைகிற கூட்டம், குடியிருக்கிற கூட்டம்' என்று இரண்டாகப் பிரித்தார். 1977ல் "அது சரிப்படாது" என்று தள்ளிவிட்டார்கள். 2011ல் மரபணுவைச் சோதித்தால், பழைய பிரிவே பெரும்பாலும் சரி! மண்புழுவும் அட்டையும் குடியிருக்கிற கூட்டத்துக்குள்ளேயே அடக்கமாம்.

வெண்புள்ளி வந்த வழி

முட்டை நன்றாக முதிரத் தேவையான கொழுப்புச் சத்து இந்தப் புழுவில் இருக்கிறது. அதனால்தான் இறால் குஞ்சு பொரிப்பகங்களில் இதற்குக் கிராக்கி. வம்பும் இங்கேதான்.

1994ல் நம் நாட்டுக்குள் நுழைந்தது வெண்புள்ளி நோய். வைரஸ் தாக்கினால் 3 முதல் 10 நாளில் குளமே காலி. பண்ணைக்காரர் தலையில் துண்டுதான்!

இந்த வைரசைப் புழுவும் சுமக்கிறது என்று சென்னை ராஜா அண்ணாமலைபுரத்தில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகள் 2005ல் ஆய்வு வெளியிட்டார்கள். சேற்றோடு வைரசையும் விழுங்குகிறது புழு. அதைத் தின்ற இறாலுக்கு நோய் வந்துவிடுகிறது.

ஐசில் போட்டு வைத்தால் சரியாகிவிடும் என்பதும் தப்புக் கணக்கு. குளிரில் இந்த வைரஸ் சாகாது. புழுவை லேபில் சோதித்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் நோயில்லாத புழுவைத் தொட்டியில் வளர்க்க வேண்டும். வெளிநாட்டில் அதுவே ஒரு தொழிலாகிவிட்டது.

மனிதருக்கு இந்த நோய் ஒட்டாது. ஆகவே மார்க்கெட்டில் பயப்படாமல் இறால் வாங்கலாம்!