சுளுக்கு அல்லாத வீக்கம்

மரபணுக் குறையால் வரும் ரத்தக்கசிவு நோய்களில் பலருக்கும் தெரிந்த பெயர் ஹீமோபிலியா. ரத்தம் உறைய உதவும் எட்டாம் காரணி குறைந்தால் அது ஏ வகை, ஒன்பதாம் காரணி குறைந்தால் பி வகை. ஏ வகை ஏறத்தாழ 5,000 ஆண் குழந்தைகளில் ஒன்றுக்கு வருகிறது.

மூட்டுக்குள் கசியும் ரத்தம்

தவழும் வயதில் ஆங்காங்கே கன்றிப்போகும். நடக்கத் தொடங்கியதும் முழங்கால் வீங்கிச் சுடும், மடக்க முடியாது, தோலில் ஒரு கீறல்கூட இராது. தாமிரபரணிக் கரை ஊர்களில் இதைச் சுளுக்கு என்று எண்ணி எண்ணெய் தேய்த்து உருவிவிடுவது உண்டு. உருவ உருவ உள்ளே கசிவு கூடும். அசைக்காமல் வைத்து, ஐஸ் ஒத்தடம் கொடுத்து, காரணி ஊசிக்குக் கொண்டுபோவதே சரி. ஒரே மூட்டில் பலமுறை கசிந்தால் குருத்தெலும்பு அரிக்கப்பட்டுக் கால் முடங்கும். அடிவயிற்றை ஒட்டிய இடுப்புத் தசையில் கசிந்தால் குடல்வால் வலிபோலவே இருக்கும். தலையில் அடிபட்டால் முதலில் காரணி ஊசி, ஸ்கேன் பிறகு.

காதுகுத்து, சுன்னத், பல் பிடுங்குதல் ஆகியவற்றில் ரத்தம் நிற்காதபோதுதான் சில வீடுகளில் நோயே தெரியவருகிறது.

சொந்தத்தில் கட்டியதாலா?

ஹீமோபிலியாவுக்கு உறவுத் திருமணம் காரணமல்ல. குறையுள்ள எக்ஸ் குரோமோசோம் தாய்வழியே மகனுக்கு வருகிறது. மூன்றில் ஒரு பங்கினருக்குக் குடும்பத்தில் முன்பு யாருக்கும் இருந்திராது. தாயைப் பழிப்பதில் நியாயமில்லை.

பதின்மூன்றாம் காரணிக் குறையும், தட்டணுக்கள் ஒட்டாத கிளான்ஸ்மான் நோயும் வேறு கதை. தாய், தந்தை இருவரிடமிருந்தும் குறை வந்தால்தான் இவை தோன்றும். தாய்மாமனையோ அத்தை மகனையோ கட்டும் குடும்பங்களில் அதற்கு வாய்ப்பு அதிகம். பதின்மூன்றாம் காரணி குறைந்த குழந்தைக்குத் தொப்புள்கொடி விழுந்த இடத்தில் ரத்தம் கசிந்துகொண்டே இருக்கும். மூளைக்குள் கசியும் அபாயமும் உண்டு. வழக்கமான உறைவுச் சோதனைகளோ 'நார்மல்' என்றே வரும். அதைக் கண்டு திருப்தியடைந்துவிடக் கூடாது.

சிகிச்சை

காரணி ஊசி விலை கூடியது. தமிழக அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கிறது. நெல்லைக்காரர்களுக்கு அது பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி. வேலூர் சி.எம்.சி.யில் கடுமையான ஏ வகை நோயாளிகள் 5 பேருக்கு அவரவர் ஸ்டெம் செல்லிலேயே மரபணுவைச் சேர்த்துச் செலுத்தினர். அதன் பிறகு அவர்களுக்கு ரத்தக்கசிவு இல்லை என்று 2024-இல் முடிவு வெளியானது.

ஆஸ்பிரின் கூடாது, தசையில் ஊசி போடக் கூடாது. தாயின் சகோதரர் யாருக்காவது ரத்தம் நிற்காத தொல்லை இருந்தால், பிரசவத்துக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.