விளைபொருளை நகரில் விற்க என்னென்ன உரிமம் வேண்டும்?

கோவை மாவட்டத்து விவசாயிகளில் பலர் விளைந்ததை வியாபாரியிடம் போட்டுவிட்டு வருவதோடு நிற்பதில்லை. தேங்காயைக் கொப்பரையாக்கி, கொப்பரையை எண்ணெயாக்கி, தாங்களே நகரில் கடை வைத்து விற்கவும் முன்வருகின்றனர். இது வரவேற்கத் தக்க முயற்சியாகும். ஆனால் செக்கு வாங்குவதற்கு முன் விலை விசாரிக்கும் அளவுக்கு, உரிமத்தைப் பற்றி விசாரிப்பவர்கள் குறைவு.

நகையை அடகு வைத்துச் செக்கு வாங்கி, முன்பணம் கொடுத்துக் கடை பிடித்த பிறகு, அந்தக் கட்டடத்தில் எந்திரம் ஓட்ட அனுமதி கிடைக்காது என்று தெரிந்தால் என்ன செய்வது? கடை வாடகையும் நகைக்கடன் வட்டியும் மாதந்தோறும் ஏறிக்கொண்டே இருக்கும். எனவே எதற்கு உரிமம் வேண்டும், எதற்கு வேண்டாம் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும்.

உரிமம் தேவைப்படாத விற்பனை

தன் நிலத்தில் விளைந்ததை விவசாயி விளைந்தபடியே விற்பதற்குச் சட்டம் பல சலுகைகளை அளித்துள்ளது. 2006-ம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் விவசாயிக்கும், விவசாயப் பணிகளுக்கும், பண்ணை அளவில் அவர் உற்பத்தி செய்யும் விளைபொருளுக்கும் பொருந்தாது என்று அச்சட்டத்தின் 18-வது பிரிவே கூறுகிறது. அதே போல, 2017-ம் ஆண்டின் சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டத்தின் கீழ், நிலத்தில் பயிரிட்டுக் கிடைத்த விளைபொருளை விற்கும் அளவுக்கு விவசாயி பதிவு செய்துகொள்ள வேண்டியதில்லை.

உழவர் சந்தையில் விற்கவும் வணிக உரிமம் வேண்டாம். அடையாள அட்டை போதும். 1999-ம் ஆண்டு நவம்பர் 14-ந் தேதி மதுரையில் தொடங்கிய இத்திட்டத்தின் சந்தைகள் கோவையில் ஆர்.எஸ்.புரம், சிங்காநல்லூர் முதலிய இடங்களில் உள்ளன. நில ஆவணங்களையும் பயிரையும் சரிபார்த்த பிறகே அட்டை வழங்கப்படும். அட்டையைப் பிறருக்குக் கொடுத்து விற்கச் செய்தல் கூடாது.

ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்திலும் இதே நிலைதான். அங்கே உரிமம் பெற வேண்டியவர் வாங்கும் வியாபாரியே. விற்கும் விவசாயி அல்ல. தமிழகத்தின் முதல் ஒழுங்குமுறை விற்பனைக் கூடம் 1936-ம் ஆண்டு திருப்பூரில் ஏற்பட்டது. எடையில் ஏமாற்றுவதையும், கண்டபடி கழிவு பிடிப்பதையும் தடுக்கவே வியாபாரிக்கு உரிமம் என்ற முறை வந்தது. உரிமம் என்பது வெறும் தொல்லையன்று. அதனால் விவசாயி பெற்ற பாதுகாப்பும் உண்டு.

நகரில் சாலையோரத்தில் விற்பவர்களுக்கு 2014-ம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம் பொருந்தும். நகர விற்பனைக் குழுவின் மூலம் விற்பனைச் சான்று பெற்றுக்கொள்ளுதல் நலம்.

கடை வைத்தால் மாநகராட்சி உரிமம்

நிலையான கடையோ எந்திரமோ வைத்துவிட்டால் நிலைமை மாறுகிறது. நெருப்பு, புகை, இரைச்சல், கழிவு, கலப்படம் ஆகியவற்றால் அக்கம்பக்கத்தாருக்குத் தீங்கு நேரக்கூடிய தொழில்களுக்கு உள்ளாட்சி மன்றத்தின் உரிமம் வேண்டும் என்பது 1920-ம் ஆண்டின் சென்னை மாவட்ட நகராட்சிகள் சட்டக் காலத்திலிருந்தே உள்ள முறையாகும். கடைக்காரர்கள் இதை ‘டி அண்ட் ஓ லைசென்ஸ்’ என்று சொல்வதும் அதனால்தான். 2023-ம் ஆண்டு ஏப்ரல் மாதத்திலிருந்து தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டமும் அதன் விதிகளும் நடைமுறைக்கு வந்துள்ளன.

இங்கு கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 1981-ம் ஆண்டு மாநகராட்சியான கோவை, 2011-ம் ஆண்டு விரிவாக்கப்பட்டது. குறிச்சி, குனியமுத்தூர், கவுண்டம்பாளையம் ஆகிய நகராட்சிகளும், வடவள்ளி, சரவணம்பட்டி முதலிய பேரூராட்சிகளும் அப்போது மாநகராட்சியில் சேர்ந்துவிட்டன. தோட்டமும் தென்னையுமாகத் தோன்றும் இடம்கூட மாநகராட்சி வார்டாக இருக்கலாம். எனவே கடை அமையும் இடம் எந்த எல்லைக்குள் வருகிறது என்பதை முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

விண்ணப்பத்தை இணையவழியில் அனுப்பலாம். விவரங்களுக்கு வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு, மத்தியம் என்ற ஐந்து மண்டல அலுவலகங்களில் உரிய மண்டலத்தை அணுகலாம். அடையாளச் சான்று, வாடகை ஒப்பந்தம், கட்டடத்தின் சொத்து வரி ரசீது ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொள்ள வேண்டும். கட்டட உரிமையாளர் சொத்து வரி பாக்கி வைத்திருந்தால் அந்தச் சிக்கல் வாடகைக்கு வருபவரின் தலையில்தான் விடியும். ஆகவே, வரி ரசீதைக் கண்ணால் பார்த்த பின்பே முன்பணம் கொடுக்க வேண்டும்.

உணவுப் பாதுகாப்புப் பதிவு

தேங்காயாக விற்கும் வரை அவர் விவசாயி; நகரில் செக்கு வைத்து எண்ணெய் ஆட்டி விற்றால் அவர் உணவு வணிகரும் ஆவார். மஞ்சளைப் பொடியாக்கி விற்றாலும், பாலைத் தயிராக்கிக் கடையில் விற்றாலும் இதுவே விதி. 2011-ம் ஆண்டில் வகுக்கப்பட்ட விதிகள், ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய் வரை உள்ள சிறு வணிகருக்குப் பதிவு, அதற்கு மேல் உரிமம் என்று பிரித்தன. பதிவுக் கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய் என்றும் வைத்தன. இத்தகைய வரம்புகள் அவ்வப்போது மாற்றப்படுவதால், விண்ணப்பிக்கும் சமயத்தில் உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சமையல் எண்ணெயைப் பொதுவாக உதிரியாக ஊற்றி விற்கக் கூடாது. அடைத்தே விற்க வேண்டும். புட்டியின் மீது பொருளின் பெயர், தயாரிப்பாளர் முகவரி, நிகர அளவு, தயாரித்த தேதி, எதுவரை பயன்படுத்தலாம் என்ற விவரம், அதிகபட்ச சில்லறை விலை, 14 இலக்கப் பதிவு எண் ஆகியவை இருத்தல் அவசியம்.

தராசும் மின் இணைப்பும்

2009-ம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டப்படி தராசுக்கு முத்திரை இட வேண்டும். மின்னணுத் தராசுக்கு 12 மாதத்துக்கு ஒரு முறையும், எடைக்கற்களுக்கும் சாதாரணத் தராசுக்கும் 24 மாதத்துக்கு ஒரு முறையும் மறுமுத்திரை தேவை. பொருளைப் பொட்டலமிட்டு விற்பவர், தொழில் தொடங்கிய 90 நாட்களுக்குள் பொட்டலமிடுவோராகவும் பதிவு செய்துகொள்ள வேண்டும். தமிழகத்தில் இப்பணியைத் தொழிலாளர் துறை கவனிக்கிறது.

தோட்டத்தில் இலவச மின்சாரம் இருக்கிறதே என்று கிணற்று மோட்டாரின் இணைப்பில் செக்கு ஓட்டுதல் கூடாது. அந்த இணைப்பு விவசாயத்துக்கு மட்டுமே உரியது. முறைகேடு என்று அபராதம் விதிக்கப்படலாம். செக்குக்கெனத் தனி இணைப்பு பெற வேண்டும்.

எதை முதலில் செய்வது?

1. இடம் எந்த உள்ளாட்சியின் எல்லையில் உள்ளது, அங்கே எந்திரம் வைக்க இயலுமா என்று விசாரித்தல்.
2. சொத்து வரி ரசீதைப் பார்த்த பின் வாடகை ஒப்பந்தம் எழுதுதல்.
3. மாநகராட்சி உரிமத்துக்கும், உணவுப் பாதுகாப்புப் பதிவுக்கும் விண்ணப்பித்தல்.
4. மின் இணைப்பு பெறுதல்.
5. அதன் பிறகே செக்குக்குப் பணம் கட்டுதல்.

இந்த வரிசையைத் தலைகீழாக்குவதே பெரும்பாலான இழப்புக்குக் காரணமாகும். இடைத்தரகரை நம்பி விடுவதும் தவறு. அவரிடம் கொடுத்த பணத்துக்கு ரசீது இராது. விண்ணப்ப எண்ணும் கைக்கு வராது. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தாலும், ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளத் தவறக் கூடாது. தொலைபேசி எண் விவசாயியுடையதாகவே இருக்கட்டும். புதுப்பிக்கும் சமயத்தில் தகவல் அந்த எண்ணுக்குத்தான் வரும்.

உரிமத்தைக் காப்பாற்றுதல்

உரிமம் வாங்குவது ஒரு நாள் வேலை. காப்பாற்றுவது ஆண்டு முழுவதும் செய்ய வேண்டிய வேலை. உரிமம், உணவுப் பதிவு, தராசு முத்திரை ஆகிய ஒவ்வொன்றுக்கும் முடிவுத் தேதி வேறு வேறாக இருக்கும். மூன்றையும் வீட்டு நாட்காட்டியில் குறித்து, இரண்டு மாதம் முன்னதாகவே புதுப்பிக்கும் வேலையைத் தொடங்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை கட்டும் தொழில் வரியையும் மறத்தலாகாது.

உணவைக் கையாளுவோர் ஆண்டுக்கு ஒரு முறை மருத்துவப் பரிசோதனை செய்து சான்று பெற வேண்டும். பதிவுச் சான்றைக் கடையில் பார்வையில் படும்படி மாட்டி வைக்க வேண்டும். கடையை வேறு இடத்துக்கு மாற்றினாலோ, புதிய எந்திரம் சேர்த்தாலோ, தொழில் தந்தை பெயரிலிருந்து மகன் பெயருக்கு மாறினாலோ உடனே தெரிவிக்க வேண்டும். பழைய உரிமம் தானாகவே புதிய இடத்துக்கும் புதிய பெயருக்கும் செல்லாது.

ரசீதுகள் யாவற்றையும் ஒரே கோப்பில் சேர்த்து வைப்பது நல்ல பழக்கம். ஆய்வுக்கு அலுவலர் வரும்போது மட்டுமன்றி, வங்கியில் கடன் கேட்கும்போதும் அந்தக் கோப்பு உதவும்.

நிலத்துக்குப் பட்டாவும் சிட்டாவும் எப்படியோ, கடைக்கு உரிமமும் அப்படியே. பட்டாவைப் பெட்டியில் பூட்டிப் பத்திரப்படுத்தும் விவசாயக் குடும்பங்கள், அதே கவனத்தை உரிமத்திலும் காட்டினால், சொந்த விளைபொருளை நல்ல விலைக்கு விற்று நிலையான வருவாய் பெற இயலும்.