மார்பகப் புற்றுநோய் அறுவைக்குப் பின் உறக்கம்: நரம்புவழிச் சிகிச்சையும் ஓசூர்ப் பகுதி மகளிரும்

மார்பகப் புற்றுநோய் அறுவைக்குப் பின் உறக்கம் கெடுவதற்கு அச்சத்தையும் கவலையையும் மட்டும் காரணம் காட்டுவது போதாது. அறுவையில் ஊறுபட்ட நரம்புக்கும் அதில் பங்குண்டு. அக்குள் நிணக்கணுக்களை அகற்றும்போது, மேற்கையின் உட்புறத் தோலுக்கு உணர்வூட்டும் நரம்பு இழுபடலாம், அறுபடவும் கூடும். எரிச்சல் மிகுவதால் அப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க இயலாது. டென்மார்க்கில் அறுவை முடிந்து இரண்டு, மூன்று ஆண்டுகள் கடந்த 3,253 பெண்களிடம் நடத்தி 2009இல் வெளியிடப்பட்ட ஆய்வில், 47 விழுக்காட்டினர் வலி இருப்பதாகத் தெரிவித்தனர்.

நரம்புவழிச் சிகிச்சைகள் இருவகையாக உறக்கத்திற்கு உதவக்கூடும். முதல்வகை, மார்புச் சுவர் நரம்புகளை மரக்கச் செய்வது. 2011இல் மார்புத் தசைகளுக்கிடையிலும், 2016இல் முதுகுத்தண்டை ஒட்டிய தசையின் அடியிலும் மருந்து செலுத்தும் முறைகள் வெளியிடப்பட்டன. இவை முதல் இரவின் வலியைத் தணிப்பதோடு, ஆழ்ந்த உறக்கத்தைக் குலைக்கும் அபின்வகை மருந்துகளின் தேவையையும் குறைக்கின்றன. எனினும் ஒருமுறை செலுத்திய மருந்தின் பயன் சில மணி நேரமே. பகலில் செலுத்தியது நள்ளிரவில் தீர்ந்துவிட்டால் என்ன செய்வது என்பதை நோயாளிக்கு முன்கூட்டியே சொல்லியாக வேண்டும்.

இரண்டாம் வகை, கழுத்திலுள்ள பரிவு நரம்பு முடிச்சில் மருந்து செலுத்துவது. தமோக்சிஃபென் போன்ற மருந்துகளால் எழும் வெப்ப அலைகள் இரவில் பலமுறை எழுப்பிவிடும். சிகாகோ மருத்துவர்கள் 13 பெண்களிடம் செய்து 2008இல் வெளியிட்ட முன்னோட்ட ஆய்வில், வாரத்திற்குச் சராசரியாக 19.5 முறை விழித்தவர்கள் முதல் இரு வாரங்களில் 7.3 முறையே விழித்தனர். ஒப்பீட்டுக் குழு இல்லாத சிற்றாய்வு இது. நம்பிக்கை தருகிறது, நிறுவவில்லை. முடிச்சின் அருகில் முதுகெலும்புத் தமனி செல்வதால், மருந்து சிறிதளவு அதனுள் புகுந்தாலும் வலிப்பு வரலாம்.

இத்தகைய ஆய்வை ஓசூரில் செய்ய முனைவோர் முதலில் சந்திப்பது அளவுகோலின் சிக்கல். 1989இல் உருவான பிட்ஸ்பர்க் உறக்கத்தர அட்டவணை, கடந்த மாதத்தில் இரவு வழக்கமாக எத்தனை மணிக்குப் படுத்தீர்கள் என்று கேட்கிறது. சிப்காட் தொழிற்பேட்டையில் சுழல்முறைப் பணி செய்யும் பெண்ணுக்கு அத்தகைய ஒற்றை 'வழக்கம்' ஏது? மொத்தம் 21 மதிப்பெண்ணில் 5ஐத் தாண்டினால் உறக்கம் குறைவென்பது கணக்கு. அறுவைக்கு முன்பே அவர் அதைத் தாண்டியிருக்கலாம். தெலுங்கோ கன்னடமோ வீட்டுமொழியாக உடையவர்களிடம் தமிழ்ப் படிவத்தை நீட்டுவதும் பிழைக்கு இடமளிக்கும்.

எனவே பணிநேரத்தைக் குறிக்கும் பத்தியுடன் கூடிய உறக்க நாட்குறிப்பை அறுவைக்கு இரு வாரம் முன்பே தொடங்குவது நலம். கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரியில் சிகிச்சை பெற்றாலும், ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவிலுள்ள பெங்களூருக்குச் சென்று பெற்றாலும், அந்நாட்குறிப்பு நோயாளியின் கையிலேயே இருக்க வேண்டும்.