தள்ளாடும் நடைக்கு ஒரு மருந்து

வீதியிலே ஒருவன் தள்ளாடி நடப்பானாயின், அவன் குடித்திருக்கின்றான் என்றே நாம் தீர்ப்புச் சொல்லிவிடுகின்றோம். மதுவும் சிறுமூளையைத் தாக்கியே நடையைக் குலைக்கின்றது என்பது மெய். ஆனால், மதுவின் வாசனையும் அறியாத பள்ளிச் சிறுவர் சிலரும் அவ்வாறே தள்ளாடுகின்றனர்.

நம் விஞ்ஞான பாடநூல்கள் மூளி எனக் குறிக்கும் இச்சிறுமூளை பிடரிப்புறத்தே அமைந்தது. அசைவுகளை அளவறிந்து செம்மைப்படுத்துவது அதன் தொழில். அது பழுதுற்றால், கைகால்களில் வலு இருந்தும் ஒழுங்கு இராது. தேநீர்ப் பேணியை எடுக்க நீட்டிய கை அதனைத் தாண்டிச் செல்லும், பேச்சுக் குழறும்.

இவ்வகை நோய்களுள் ஒன்றை, ஜேர்மனியின் ஹைடல்பேர்க் நகரிலே பிரீட்ரைக் என்னும் வைத்தியர் 1863 இல் விவரித்தார். பெரும்பாலும் பிள்ளைப் பருவத்திலே தோன்றி, முண்ணாணையும் சிறுமூளையையும் இருதயத்தையும் வருத்தி, நாளடைவில் நடக்கவொட்டாது செய்யும் நோய் அது. தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதுற்ற பரம்பரையலகைப் பெற்ற பிள்ளைக்கே அது வரும். பெற்றோரோ பெரும்பாலும் நலமாயிருப்பர். அப்பரம்பரையலகு 1996 இல் கண்டறியப்பட்டது.

காரணம் தெரிந்தால் மருந்தும் விரைந்து வரும் என்று எண்ணுவோம். வந்ததோ 27 ஆண்டுகளின் பின்னர். ஐடிபெனோன் என்னும் மருந்து முதலிலே நம்பிக்கையூட்டிப் பெருஞ் சோதனைகளிலே கைவிட்டது. நோயாளர் சிலர், நோயோ மெல்ல ஊர்வது. நேர்ந்த சிறு மாற்றம் மருந்தின் பயனா, தற்செயலா எனப் பிரித்தறிவது எளிதன்று. ஆதலின் நடை, நிற்கும் நிலை, கைத்திறன், பேச்சு முதலியவற்றை அளக்க 93 புள்ளி கொண்ட அளவுகோல் ஒன்றைக் கைக்கொண்டனர். புள்ளி ஏறினால் நோய் ஏறிற்று என்க.

ஒமாவெலொக்சொலோன் என்னும் மருந்து 48 வாரம் சோதிக்கப்பட்டது. ஒரு சாராருக்கு மருந்து. மறுசாராருக்கு அதனைப் போன்ற வெறுங் குளிகை. யார் எதை உண்டார் என்பது உண்டவருக்கும் தெரியாது, வைத்தியருக்கும் தெரியாது. முடிவில் இரு சாராருக்கும் இடையே கண்ட வேறுபாடு 2.4 புள்ளி. இவ்வளவுதானா என்று நகைப்பாரும் உளர். நோய் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 புள்ளியே முன்னேறுவது. ஆகவே தன் சட்டைப் பொத்தானைத் தானே பூட்டும் ஓராண்டு ஒருவனுக்கு மிஞ்சுகின்றது. அதனைச் சிறிதென்று நான் சொல்லேன்.

2023 பெப்ரவரியில் அமெரிக்கா இம்மருந்தை 16 வயதும் அதற்கு மேலும் உள்ளோர்க்கு அனுமதித்தது. நோயை இது தீர்ப்பதன்று. ஈரலையும் கவனித்துவர வேண்டும். அங்கு அறிவித்த விலையோ ஆண்டுக்கு 370,000 டொலர்!

இந்நோயைப் போலவே தோன்றும் வேறொன்றும் உண்டு. உடலிலே விற்றமின் ஈ தங்காமையால் வருவது அது. இரத்தப் பரிசோதனையால் அதனை அறியலாம். மலிவான அவ்விற்றமினை மிகுதியாகக் கொடுத்துவரின் பெரும்பாலும் நோய் முற்றாது நிற்கும். தள்ளாடும் பிள்ளையை வைத்தியரிடம் அழைத்துச் செல்வோர், அப்பரிசோதனையையும் கேட்டுச் செய்விப்பது நன்று.