நுரை அடங்கிய பிறகு

சென்ற மாதம் என் பேத்தி ஒரு கேள்வி கேட்டாள்: "தாத்தா, நாம் துணி துவைத்த தண்ணீர் கடைசியில் எங்கே போகிறது?" ரயில்வேயில் முப்பத்தைந்து வருஷம் குப்பை கொட்டிய தைரியத்தில், "கால்வாயில் போகும்; நுரை அடங்கினால் சுத்தமாகிவிடும்" என்றேன். ரசாயனம் படிக்கும் அவள் சிரித்துவிட்டாள். அதன்பின் அவளிடம் கேட்டும் படித்தும் அறிந்ததை இங்கே எழுதுகிறேன்.

கல்கத்தாவின் கழிவுநீர் கிழக்கே உள்ள சதுப்பு நிலத்துக்குப் போகிறது. சுமார் 12,500 ஹெக்டேர் பரப்பு. 2002-ல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. அங்குள்ள 'பேரி' எனும் ஆழமில்லாத குளங்களில் வெயிலும் பாசியும் பிராணவாயுவைக் கொடுக்க, பாக்டீரியாக்கள் அழுக்கைத் தின்கின்றன. அந்த நீரில் வளரும் மீனும், தாபாவில் விளையும் காய்கறியும் நம் சந்தைக்கே திரும்பி வருகின்றன. ஆகவே இது நம் சாப்பாட்டுத் தட்டு சம்பந்தப்பட்ட விஷயம்.

சலவைத் தூளின் முக்கியப் பொருளுக்குத் தண்ணீரை விரும்பும் தலையும், எண்ணெயை விரும்பும் வாலும் உண்டு. வாலில் பெரும்பாலும் 10 முதல் 13 கார்பன்கள். 1950-களில் இந்த வால் கிளை கிளையாக இருந்தது. பாக்டீரியாவால் தின்ன முடியவில்லை. ஐரோப்பிய, அமெரிக்க ஆறுகள் நுரைத்துப் பொங்கின. 1960-களின் நடுவில் அங்கே நேரான வாலுக்கு மாறினார்கள். அதை பாக்டீரியா நுனியிலிருந்து கடித்துக்கொண்டே வரும். வால் குட்டையானதும் நுரை நின்றுவிடும். ஆனால் தலையும் குட்டை வாலும் இன்னும் நீரில் இருக்கும்! அவையும் சிதைவதற்குப் பிராணவாயு வேண்டும். ஆலைகளில் பயன்படும் வேறொரு வகையின் மிச்சமான நோனைல்பீனால், மீன்களின் உடலில் பெண் ஹார்மோன் போல வேலை செய்கிறது. ஐரோப்பிய யூனியன் 2003-ல் அதைக் கட்டுப்படுத்தியது.

கண்ணுக்குத் தெரியாத இந்த மிச்சங்களைப் பிரித்துக் காட்டுவதுதான் திரவ குரோமட்டோகிராபி. நமக்குத் தெரிந்த ரயில் பாதையையே உவமையாகச் சொல்கிறேன். சாண் நீளக் குழாயில், 18 கார்பன் சங்கிலி பூசிய நுண்ணிய சிலிகா மணிகள் நெருக்கமாக அடைக்கப்பட்டிருக்கும். அதில் திரவத்தைச் செலுத்த நூறு மடங்குக்கு மேற்பட்ட காற்றழுத்தம் தேவை, பழைய டபிள்யூ.பி. நீராவி எஞ்சின் பாய்லரில்கூட சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 15 கிலோதான். நீண்ட வால் உள்ளவை மணிகளில் ஒட்டி ஒட்டி, எல்லா ஸ்டேஷனிலும் நிற்கும் பாசஞ்சர் போல மெதுவாக வரும். குட்டை வால்கள் எக்ஸ்பிரஸ்.

சாமர்த்தியம் எல்லாம் டைம்டேபிள் போடுவதில்தான். திரவத்தில் தண்ணீர் அதிகமானால் பாசஞ்சர் வந்து சேராது. மெத்தனால் அதிகமானால் எல்லா வண்டியும் ஒரே நேரத்தில் வந்து மோதும். எனவே தண்ணீரில் ஆரம்பித்து, மெத்தனாலைப் படிப்படியாகக் கூட்டுகிறார்கள். குட்டை வாலின் நுனியில் அமிலத் தொகுதி இருப்பதால், சிறிது அமிலம் சேர்த்தால் அதன் மின்னேற்றம் அடங்கி, அவை நின்று நிதானமாகப் பிரிந்து வரும். அமிலம் மிஞ்சினால் குழாய் கெடும். வேகத்தைக் கூட்டினால் நேரம் மிச்சம், ஆனால் பிரிவு மங்கும். வெப்பநிலை மாறினால் வந்து சேரும் நேரமும் மாறும். மே மாதக் கல்கத்தாவும் ஜனவரிக் கல்கத்தாவும் ஒன்றல்ல என்பதால், குழாயை ஒரே சூட்டில் வைக்க வேண்டும். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது நல்லது. பட்டறையில் பழுது பார்க்கும்போது நான் கற்ற பாடமும் அதுவே.

நம் பங்குக்கு ஒன்று செய்யலாம். நுரை அதிகமானால் வெளுப்பும் அதிகம் என்று எண்ணி, கை நிறைய அள்ளிப் போடாமல், தூளை அளந்து போடுவோம். எங்கள் வீட்டில் இப்போது அளவுக் கரண்டி என் பேத்தியின் கையில்!