முதலில் நஞ்சுக்கொடியை எண்ணுங்கள்

மடுல்கெல்லப் பக்கத்துத் தோட்டமொன்றில் ஒரு பெண்ணுக்கு வயிற்றில் இரட்டை என்று ஸ்கேனில் தெரிந்தால், அன்று பின்னேரமே செய்தி லயத்தைத் தாண்டிப் பன்வில வரை போய்விடும். மாமியார் ஒட்டு வாழைப்பழம் தின்ற கதையை எடுப்பார். கொழும்பில் கடையில் நிற்கும் தம்பியிடமிருந்து போன் வரும்: "அக்கா, இப்பெல்லாம் ரத்தத்த எடுத்துப் பாத்தே புள்ளைக்கு என்ன கொறன்னு சொல்லிர்றாங்களாம். காசு கூடதான். நான் பாத்துக்கிறேன்."

தம்பி சொல்வது பொய்யில்லை. அப்படியொரு பரிசோதனை இருக்கிறது. தனியார் மருத்துவமனைகளில் குருதி எடுத்து வெளிநாட்டு ஆய்வுகூடங்களுக்கு அனுப்புகிறார்கள். ஆனால் இரட்டைக் கர்ப்பத்தில் அந்தக் குழாயில் ஒரு துளி விழுவதற்கு முன்பே விடை தெரிந்திருக்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. உள்ளே நஞ்சுக்கொடி ஒன்றா, இரண்டா?

பரிசோதனையின் கதை 1997இல் தொடங்குகிறது. புற்றுநோய்க் கட்டியின் டீ.என்.ஏ. துண்டுகள் நோயாளியின் குருதியில் மிதப்பதாக அதற்கு முந்தைய வருடம் கட்டுரைகள் வந்திருந்தன. ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த ஹொங்கொங் மருத்துவர் டெனிஸ் லோ அவற்றைப் படித்துவிட்டு, கட்டியே டீ.என்.ஏ.யைக் கசியவிடுமானால் வளர்கிற சிசு விடாதா என்று யோசித்தார். அதைப் பிரித்தெடுக்க அவர் கையாண்ட வழி வேடிக்கையானது. நூடுல்ஸ் அவிக்கிற மாதிரி, குருதியின் மஞ்சள் திரவப் பகுதியை, அதாவது பிளாஸ்மாவை, ஐந்து நிமிடம் கொதிக்க வைத்தார். ஆண் சிசுவைச் சுமந்த 30 பெண்களில் 24 பேரின் பிளாஸ்மாவில் ஒய் நிறமூர்த்தத்தின் துண்டு அகப்பட்டது. தாயிடம் ஒய் கிடையாது. ஆகவே அது பிள்ளையுடையது. 'லான்செட்' இதழ் அதை வெளியிட்டது. 2011இல் பரிசோதனை சந்தைக்கு வந்தது.

'பிள்ளையுடைய டீ.என்.ஏ.' என்று நாம் சொன்னாலும், அந்தத் துண்டுகளில் பெரும்பாலானவை நஞ்சுக்கொடியின் அணுக்கள் மடியும்போது உதிர்பவை. பத்தாம் வாரம் அளவில் தாயின் பிளாஸ்மாவில் மிதக்கும் துண்டுகளில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு இவைதான். பிரசவம் முடிந்து சில மணி நேரத்தில் தடமே இராது. டவுன் சின்ட்ரோமைத் தேடுகிற ஆய்வுகூடம் செய்வது எண்ணும் வேலை. தாயும் பிள்ளையும் இயல்பாக இருந்தால் 21ஆம் நிறமூர்த்தத்துக்குரிய துண்டுகள் 1000 வரவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அதில் 900 தாயுடையவை, 100 பிள்ளையுடையவை. பிள்ளைக்கு அந்த நிறமூர்த்தம் இரண்டுக்குப் பதில் மூன்று இருந்தால் அந்த 100, 150 ஆகும். மொத்தம் 1050. அந்த ஐம்பதைப் பிடிப்பதற்கே இத்தனை கோடித் துண்டுகளை வாசிக்கும் இயந்திரம்.

இனி இரட்டையைப் பாருங்கள். ஒரே கரு பிளந்து உண்டான பிள்ளைகளுக்கு மரபணு ஒன்றுதான். குறை இருந்தால் பெரும்பாலும் இருவருக்கும் இருக்கும். பங்கு 12 விழுக்காடு என்றால் எண்ணிக்கை 1060; எளிதில் தெரிந்துவிடும். இரண்டு முட்டையிலிருந்து வந்தவர்கள் அப்படியல்ல, வெறும் கூடப்பிறந்தவர்கள். குறை இருந்தாலும் அநேகமாக ஒரு பிள்ளைக்குத்தான் இருக்கும். அந்தப் பிள்ளையின் பங்கு ஆறாக இருந்தால் 1030, வெறும் மூன்றாக இருந்தால் 1015. அந்தப் பதினைந்து, எண்ணும்போது எப்படியும் வருகிற சிறு ஏற்ற இறக்கத்தில் காணாமல் போய்விடும். மற்றப் பிள்ளையின் ஒன்பது, மொத்தத்தைப் பன்னிரண்டு என்று காட்டி மாதிரி போதுமானது என்ற எண்ணத்தைத் தரும். இரண்டு பேர் பறித்த கொழுந்தை ஒரே சாக்கில் கொட்டி நிறுத்தால் யார் பறித்தது குறைவு என்று கணக்கப்பிள்ளைக்கு எப்படித் தெரியும்? இதனால்தான் நல்ல ஆய்வுகூடங்கள் ஒவ்வொரு பிள்ளையின் பங்கையும் தனித்தனியே மதிப்பிடப் பார்க்கின்றன. முடியாதபோது 'விடை இல்லை' என்று திருப்பி அனுப்புகின்றன. ஒற்றைக் கர்ப்பத்தைவிட இரட்டையில் இது அதிகம் நடக்கும். மூன்றாவதாக ஒரு கரு ஆரம்பத்திலேயே கலைந்து போயிருந்தால் இன்னும் குழப்பம். அதன் நஞ்சுக்கொடி பல வாரங்கள் டீ.என்.ஏ.யைக் கசியவிட்டுக் கொண்டிருக்கும். இறந்தவரின் குறை உயிரோடிருப்பவர்களின் தலையில் விழும்.

இவ்வளவு இருந்தும் முடிவுகள் மோசமில்லை. லண்டனில் கைப்ரோஸ் நிக்கொலெய்டஸ் குழுவினர் 2019இல் அதுவரை வந்த ஆய்வுகளைக் கூட்டிப் பார்த்தபோது, இரட்டைக் கர்ப்பத்தில் டவுன் சின்ட்ரோமைக் கண்டுபிடிக்கும் திறன் 98 விழுக்காட்டுக்கு மேல் இருந்தது. ஆனால் அந்தக் கணக்கில் இருந்த பாதிப்புள்ள கர்ப்பங்கள் 56 மட்டுமே. விளம்பரத் துண்டுகளில் 98 இருக்கும், 56 இராது.

இன்னொன்று: இது சலித்துப் பார்க்கும் பரிசோதனைதான். 'இருக்கலாம்' என்று வந்தால் பனிக்குட நீரை ஊசியால் எடுத்து உறுதி செய்ய வேண்டும். இரட்டை என்றால் வழக்கமாக இரண்டு பைகளிலும் தனித்தனியே குத்த வேண்டும். உறுதியான பிறகு? இலங்கையில் 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை 303ஆம் பிரிவு தாயின் உயிரைக் காப்பதற்கு மட்டுமே கருக்கலைப்பை அனுமதிக்கிறது. சிசுவின் குறை அதற்குக் காரணமாகாது. அப்படியானால் அறிந்து என்ன பயன் என்று கேட்பவர்கள் உண்டு. பயன் இருக்கிறது என்றே நினைக்கிறேன். இதயக் கோளாறு இருக்குமா என்று முன்கூட்டியே பார்க்கலாம். பிள்ளை மருத்துவர் இருக்கிற இடத்தில் பிரசவத்தை வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பயனுக்கு எவ்வளவு செலவழிப்பது என்பதைத் தம்பியல்ல, அந்தப் பெண்தான் தீர்மானிக்க வேண்டும்.

நஞ்சுக்கொடிக்கு வருவோம். தெற்காசியாவில் பொதுவாக ஆயிரம் பிரசவத்துக்கு ஒன்பதுக்கும் குறைவாகவே இரட்டை பிறக்கிறது. அதில் ஒரே கரு பிளந்து வருபவை ஏறத்தாழ நாலு. உலகம் எங்கும் அந்த எண்ணிக்கை அவ்வளவாக மாறுவதில்லை. ஆப்பிரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கூடுவது இரு முட்டை இரட்டையே. ஆகவே நம் பக்கத்து இரட்டைகளில் பாதிக்குக் கிட்ட ஒத்த இரட்டையர். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஒரே நஞ்சுக்கொடியைப் பங்கிடுகிறார்கள். வாழைப்பழத்தின் பங்கு இதில் ஏதுமில்லை.

ஒரே கொடியில் இருவரின் இரத்தக் குழாய்களும் பின்னிக்கிடக்கும். நூறில் பத்துப் பதினைந்து பேருக்கு ஒரு பிள்ளையின் குருதி மற்றதற்கு இறைக்கத் தொடங்கும். ஒன்று வற்றி ஒடுங்கும். மற்றது நீரில் மிதந்து இதயம் களைக்கும். கவனிக்காவிட்டால் இரண்டும் போகலாம். டவுன் சின்ட்ரோமோ, 25 வயதுத் தாயின் ஒரு பிள்ளைக்கு ஆயிரத்தில் ஒன்றையும் எட்டாத வாய்ப்பு. எதற்கு முதலில் பயப்பட வேண்டும் என்பதற்கு வேறு கணக்கு வேண்டாம். ஒரே கொடி என்றால் 16ஆம் வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஸ்கேன் செய்ய வேண்டும். ஒவ்வொரு முறையும் பன்வில, வத்தேகம வழியாகக் கண்டிக்கோ பேராதனைக்கோ பஸ். ஒரு நாள் சம்பளம் போகும். இருக்கிற பணத்தை முதலில் இதற்கு ஒதுக்குங்கள் என்பேன்.

கொடி ஒன்றா இரண்டா என்பதைப் பார்க்கச் சரியான காலம் 11ஆம் வாரத்திலிருந்து 14ஆம் வாரம் வரை. இரண்டு கொடிகள் சேருமிடத்தில் நடுச் சவ்வு தொடங்கும் அடி ஸ்கேனில் தடித்த முக்கோணமாகத் தெரியும். கிரேக்க எழுத்தின் பெயரால் அதை லாம்டா அடையாளம் என்கிறார்கள். ஒரே கொடி என்றால் மெல்லிய சவ்வு நேராக வந்து 'டீ' எழுத்துப் போல முட்டும். மாதவிடாய் தள்ளிப்போனதுமே கிளினிக் மிஸ்ஸிடம் சொல்லிப் பதிந்தால்தான் இந்த வாரங்கள் கையில் கிடைக்கும். ஸ்கேன் செய்கிற டாக்டரிடம் கொடி எத்தனை என்று கேட்டு, கர்ப்பிணி அட்டையில் எழுதித் தரச் சொல்ல வேண்டும். முடிந்தால் அந்தப் படத்தையும் வாங்கி அதிலேயே ஒட்டிக்கொள்ள வேண்டும். வாரங்கள் போகப் போக முக்கோணம் மெலிந்து மறையும். இருபதாம் வாரத்தில் இரண்டும் ஒரே பாலாக இருந்தால், எவ்வளவு நல்ல மெஷினிலும் அடித்துச் சொல்வது கடினம்.